பார்க்கிங்கில் ஒரு பாறை

பல்லாவரத்தில் எங்கள் குடியிருப்பைக் கட்டியவர் மலைச்சரிவை மட்டப்படுத்தியபோது ஒரேயொரு பாறையை மட்டும் விட்டுவைத்தார். பக்தியால் அல்ல, செலவுக்கு அஞ்சி. பத்திரப்படி அந்த இடம் மூன்றாம் மாடி அண்ணாச்சியின் வண்டி நிறுத்துமிடம். அவரிடம் ஸ்கூட்டர் மட்டும் இருந்தவரை வம்பில்லை. சென்ற மாதம் கார் வாங்கிவிட்டார்.

சங்கச் செயலாளர் பம்மலிலிருந்து கல் உடைக்கும் மேஸ்திரி ஒருவரை வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகும் நேரத்தில் கம்பிரஸர் முழங்கியது. ஜன்னல்கள் அதிர்ந்தன, பாறை அசையவில்லை. உளி ஒன்று முறிந்து, கையகலச் சில்லு ஒன்று மட்டும் தெறித்து விழுந்தது. அதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து நிலவியல் பேராசிரியர் துண்டும் பூதக்கண்ணாடியுமாக இறங்கி வந்துவிட்டார். ஓய்வு பெற்றவர். இப்படியொரு சந்தர்ப்பத்துக்காகவே ஓய்வு பெற்றிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது.

“நிறுத்துங்கள்! இது சார்னோகைட். உலகத்துக்கே இந்தக் கல்லை அடையாளம் காட்டிய இடம் நம் பரங்கிமலையும் பல்லாவரமும்தான்.”

“பெயர் நம் ஊர்ப் பெயராக இல்லையே?” என்றார் தரைத்தள மாமி.

மாமி கேட்டது நியாயம். ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் 1690இல் கல்கத்தாவில் கம்பெனிக்குக் கடை விரித்தவர். அவர் இறந்தபின் கல்லறைக்குக் கல் நம் பக்கத்திலிருந்து போனது. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1893இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறை வகைக்குப் பெயர் தேடியபோது அந்தக் கல்லறைக் கல்லை நினைத்து சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் அங்கே படுத்திருப்பவருடையது. “பெயர் வைக்கும்போது நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்” என்று மாமி குறைபட்டுக்கொண்டார்.

பேராசிரியர் சில்லை நீட்டினார். பூதக்கண்ணாடி வழியே பார்த்தேன். வெளித்தோல் பழுப்பேறிக் கிடந்தாலும் உடைந்த முகம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற இரு கனிமங்களும் எந்தக் கிரானைட்டிலும் உண்டாம். இதற்குத் தனி அடையாளம், இடையிடையே கருமையாகத் தெரிந்த ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்பு, மெக்னீசியக் கனிமம். பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், தண்ணீர்ப்பசை மிகக் குறைந்த இடத்தில்தான் அது இப்படி உருவாகும் என்றார்.

“அப்போதே பல்லாவரத்தில் தண்ணீர் இல்லையா?” என்றார் அண்ணாச்சி. லாரித் தண்ணீர்க் கணக்கு எழுதும் பொருளாளர் மட்டும் சிரிக்கவில்லை.

வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று கேட்டதும் செயலாளர், “பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?” என்றார். இருக்கிறதாம். கல்லுக்குள் ஜிர்கான் என்று மணலைவிடப் பொடியான படிகங்கள் உண்டு. உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், காரீயத்தைச் சேர்க்காது. “நம் வாட்ச்மேன் கொரியர் பையனை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்காரரை வாசலில் நிறுத்துவதுபோல” என்றார் பேராசிரியர். வாட்ச்மேன் முகம் சுண்டியது. ஆகவே உள்ளே காரீயம் இருந்தால் அது யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 என்னும் வகையில் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டும் எவ்வளவு என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியதற்கும் முந்தைய கல்லாம் இது.

அண்ணாச்சி அசரவில்லை. “எத்தனை கோடி ஆனாலும் பத்திரம் என் பெயரில் இருக்கிறது.”

பாறைக்குழம்பு உறைந்து வந்த கல்லா, வேறு பாறை வெந்து உருமாறியதா என்று இதைப் பற்றி அறிஞர்களே நூறாண்டுக்கு மேலாக விவாதித்து வருகிறார்களாம். எங்கள் சங்கக் கூட்டம் பத்தரைக்கே முடிந்ததை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. பரங்கிமலையில் இதே கல்லுக்குத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற அந்தஸ்து உண்டு என்றதும் செயலாளரின் சுருதி இறங்கியது. பாறை இருக்கட்டும் என்றும் அண்ணாச்சிக்கு விருந்தினர் பார்க்கிங்கில் இடம் தருவது என்றும் தீர்மானம் நிறைவேறியது. பாறைக்குப் பராமரிப்புக் கட்டணம் தன்னால் கட்ட முடியாது என்று அண்ணாச்சி எழுதி வாங்கிக்கொண்டார்.

மேஸ்திரி கம்பிரஸரைச் சுருட்டிக்கொண்டு, முறிந்த உளிக்கும் சேர்த்துப் பணம் கேட்டார். பாறை முழுசாக இருக்கும்போது எதற்குப் பணம் என்றார் பொருளாளர்.

“சார், போனில் பேசும்போதே இதன் வயதைச் சொல்லியிருந்தால் நான் வேறு ரேட் அல்லவா சொல்லியிருப்பேன்?”