8 ஜிபிக்குக் காசு கொடுத்தேன், 4 ஜிபிதான் வேலை பார்த்தது

ஏப்ரல் 15-ல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 14 நள்ளிரவுக்கு மேல்தான் கடலுக்குப் போகும். அதற்குள் என் மச்சான் ஒவ்வொரு படகுக்கும் பழைய கணக்கை முடித்து, டீசலுக்கும் ஐஸுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு மொத்தமும் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டரில், எக்செல்லில் கிடக்கிறது. எழுதுவது நான். போன வருடம், 2025 மே கடைசியில், அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

முழுசாகப் படுத்திருந்தால்கூடத் தேவலை. காலையில் நன்றாக ஓடும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மவுஸ் இழுத்த இழுப்புக்கு வராது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். அப்புறம் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: கம்ப்யூட்டரில் மெமரி குறைவாக இருக்கிறது, ஃபைல்களைச் சேமித்துவிட்டு இந்தப் புரோகிராம்களை மூடுங்கள் என்று. அதைப் படித்து முடிப்பதற்குள் எக்செல் தானாகவே மூடிக்கொள்ளும். ஒருமுறை பதினொரு படகு கணக்கு போனது. "வெயில்ல சூடாகுது, வேறென்ன" என்றாள் வீட்டுக்காரி. மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். எனக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

நான் செய்த முதல் வேலையே தப்பு. மெமரி குறைவு என்றதும், டி டிரைவில் இருந்த கல்யாண வீடியோக்களை எல்லாம் பென்டிரைவில் ஏற்றிவிட்டு அழித்தேன். 60 ஜிபி காலியானது. மறுநாள் மதியம் அதே பெட்டி. குற்றம் போனின் மேல்தான். போனில் 'மெமரி ஃபுல்' என்றால் போட்டோ வைக்க இடமில்லை என்று அர்த்தம், அதையே கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டோம். இங்கே கம்ப்யூட்டர் சொல்வது ரேம், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் வேலை பார்க்கும் இடம். கருவாட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஹார்ட் டிஸ்க் குடோன், ரேம் களம். குடோனைக் காலி செய்வதால் காயப்போடும் களம் அகலமாகாது.

அடுத்து, கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துப் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போனது தனிக் கதை. கடைக்காரர் மூடியைக் கழற்றாமலே மதர்போர்டு போச்சு என்றார். புதுப் போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு முடிகிறது, எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தத் தேதி உண்மைதான், அக்டோபர் 14. ஆனால் என் மதிய நேரத் தொல்லைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அதே பஸ்ஸில் திரும்பினேன்.

ராத்திரி துபாயில் இருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் அங்கே ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்கும் வேலைதான் பார்க்கிறான்.

"மாமா, காசு கேட்டவன் கிட்ட அப்புறம் போகலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க."

டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. வலது மேல்மூலையில் என்ன எண் என்று கேட்டான். 3.9 ஜிபி. கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று, ரேம் செருகும் இடங்களில் எத்தனை வேலை செய்கிறது என்ற எண் இருக்கும், அது என்ன என்றான். 2-ல் 1.

"வாங்குறப்ப எத்தனை ஜிபி மாமா?"

ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே பழைய பில்லும் இருந்தது. 8 ஜிபி, இரண்டு 4 ஜிபி ரேம் குச்சிகள். ஆக, ஒரு குச்சி எப்போதோ கணக்கிலிருந்து விழுந்திருக்கிறது. எப்போது என்று இப்போதும் தெரியாது, நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே அன்றுதான். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பேன். அரை நிமிட வேலை.

அவன் சொன்னபடி முதலில் கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து மிச்சக் கரண்டை வடித்துவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.

உள்ளே பார்த்ததும் கடைக்காரர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கம்ப்யூட்டர் இருந்ததோ தென்பக்க ஜன்னலோரம். தூசி பறக்கும் தூசியாக இல்லை. உப்பு ஈரத்தில் ஊறி, ஃபேன் இறக்கைகளில் களிம்பாக அப்பிக் கிடந்தது. திருகாணித் தலைகளில் துரு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் போவது நின்றது. இந்தத் தகரப்பெட்டி எந்த மூலைக்கு?

ரேம் குச்சியை எடுப்பது எளிது. ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் குச்சி மேலே எழும்பி வரும். சேஸிஸின் தகரத்தை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் குச்சியின் தங்கநிறப் பற்கள் பளிச்சென்று இருந்தன. இரண்டாவதில் ஒரு ஓரமாக ஏழெட்டுப் பற்கள் மங்கி, டீக்கறை மாதிரி ஒரு படலம். விரல் நகம் அகலம்கூட இருக்காது. அந்த இடத்தில்தான் 4 ஜிபி தொலைந்திருக்கிறது.

ரப்பர் வைத்துத் தேய்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மருமகன் வேண்டாம் என்றான். ரப்பர் அந்த மெல்லிய தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும், துகளும் ஸ்லாட்டில் விழும். ஐபிஏ போதும் என்றான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் ரிப்பேர் கடையில் கட்டாயம் இருக்கும். நம்மூர்க் கடைப் பையன் இருமல் மருந்து மூடி அளவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டான். பழைய வேட்டித் துணியில் தொட்டு, பற்கள் ஓடும் திசையிலேயே துடைத்தேன். துணியில் பழுப்பு இறங்கியது. பெயின்ட் அடிக்கும் சின்ன பிரஷ்ஷை நன்றாகக் காயவைத்து ஸ்லாட்டுக்குள்ளும் ஒரு ஓட்டு ஓட்டினேன்.

திரும்ப மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. அந்த இரண்டு நிமிடத்தில் 14,500 ரூபாய் என் கண் முன்னால் ஆடியது. மறுபடி வயரைப் பிடுங்கிப் பார்த்தால், குச்சி ஒரு முனையில் அரைகுறையாக உட்கார்ந்திருந்தது. உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அமுக்கியிருக்கிறேன். இரண்டு முனையும் 'டக்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தது. விண்டோஸ் வந்தது. 7.9 ஜிபி, 2-ல் 2 ஸ்லாட். உள்ளே கட்டி வைத்த கிராஃபிக்ஸுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் 8 முழுசாகக் காட்டாது. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கையும் ஓட்டிப் பார்த்தேன், பிழை ஏதும் இல்லை.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தத் தெம்பில் ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்காமல், மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்தேன். முதல் நாள் பறந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அதே பெட்டி.

இந்த முறை மருமகன் வேறு இடத்துக்குக் கூட்டிப் போனான். ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். மெமரி தீர்ந்து போகும்போது விண்டோஸ் அங்கே 2004 என்ற எண்ணில் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. எழுதுபவரின் பெயர் ரிசோர்ஸ் எக்ஸாஷன் டிடெக்டர். அந்த நேரத்தில் அதிகமாக விழுங்கிக்கொண்டிருந்த மூன்று புரோகிராம்களின் பெயரும் அதில் பைட் கணக்கில் இருக்கும். எனக்கு இது தெரிந்திருந்தால் ராமநாதபுரம் பஸ் டிக்கெட் மிச்சம். நான் குரோமைத்தான் எதிர்பார்த்தேன். பாப்பா மதுரையிலிருந்து லீவுக்கு வந்தால் ஒரே நேரத்தில் இருபது டேப் திறந்து வைப்பாள், திட்டுவதற்கு வசதியாக இருக்கும். குரோம் இரண்டாவது. முதலிடத்தில், 5-ல் தொடங்கும் பத்து இலக்க எண்ணோடு இருந்தது, பிரிண்டரோடு வந்த ஒரு குட்டிப் புரோகிராம். மை எவ்வளவு இருக்கிறது என்று ஓரத்தில் படம் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

நம்ப முடியவில்லை. மறுநாள் காலை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் மணிக்கு ஒருமுறை எழுதினேன். 9 மணிக்கு 46 எம்பி. 10 மணிக்கு 198. 11 மணிக்கு 351. மதியம் 1 மணிக்கு 655. மாலை 4 மணிக்கு 1,100-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம்கூட அச்சடிக்கவில்லை. வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருப்பதை 'மெமரி லீக்' என்கிறார்கள். பழைய பாக்கியை வைத்துக்கொண்டே புது அட்வான்ஸ் கேட்கும் ஆட்களை எனக்குத் தெரியும், அதனால் உடனே புரிந்தது. காலையில் நன்றாக ஓடி மதியம் கவிழ்ந்ததும் இதனால்தான். வெயிலுக்கும் அதற்கும் பேச்சே இல்லை.

அந்தத் துணைப் புரோகிராமை மட்டும் நீக்கினேன். பிரிண்டரை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேர் இருக்கிறது, பிரிண்ட் வருகிறது. மை அளவு திரையில் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, மை டப்பா கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது, குனிந்து பார்த்தால் போச்சு.

அப்புறம் மருமகன் கேட்டான்: "மாமா, அதே மெமரி பக்கத்துல 'கமிட்டட்'னு ரெண்டு எண் இருக்கும். என்ன?"

"4.1 பை 7.9."

"ரெண்டாவது எண் ரேமை விடக் கூட இருக்கணுமே. பேஜ் ஃபைலை யாரு நிறுத்துனா?"

நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டரை மின்னல் வேகமாக்க என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, வர்ச்சுவல் மெமரியை 'நோ பேஜிங் ஃபைல்' என்று மாற்றியிருந்தேன். மின்னலும் வரவில்லை, மாற்றியதும் மறந்துவிட்டது.

இது எனக்குப் புரிய நேரமானது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, புரோகிராம்களும் அப்படித்தான். உட்கார்ந்திருப்பவர் 'இன் யூஸ்'. உட்கார்ந்தவரையும் சேர்த்து, பேசி வைத்த மொத்த இடமும் 'கமிட்டட்'. இரண்டாவது எண், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்த சீட்டு. பேஜ் ஃபைல் என்பது ரேம் நெருக்கடியானால் ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிக்கொள்ளும் கூடுதல் இடம். மெதுவானது, ஆனால் எக்செல்லைச் சாகவிடாது. அதை நான் நிறுத்தியதால், ரேமில் இடம் காலியாக இருந்தாலும் துண்டு போட்டே சீட்டு தீர்ந்துவிட்டது.

ஸ்டார்ட்டில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று தேடினால், விண்டோஸின் தோற்றத்தையும் வேகத்தையும் சரிசெய்யும் பெட்டி வரும். அதில் அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். மேலே இருக்கும் 'ஆட்டோமேட்டிக்' கட்டத்தில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. அப்படித்தான் முடிய வேண்டும். எனக்கோ சி டிரைவில் 1.2 ஜிபிதான் மிச்சம், பேஜ் ஃபைல் வளர இடமில்லை. கல்யாண வீடியோவை அழித்தது டி டிரைவில்! இடம் வேண்டியிருந்ததோ சி-யில். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸை அழித்ததில் 14 ஜிபி வந்தது. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அழியுங்கள். என் டவுன்லோட்ஸில் மச்சானின் ஜிஎஸ்டி ரசீதுகள் இருந்தன. கூடவே, அதே பிரிண்டர் சாஃப்ட்வேர் ஆறு பிரதி.

ஜூன் 11 முதல் அந்தப் பெட்டி எட்டிப் பார்க்கவில்லை. 14 சாயங்காலம் மச்சான் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு படகாகக் கணக்கு கேட்டார். எக்செல் திறந்தபடியே, பாப்பாவின் இருபது டேப்பும் திறந்தபடியே இருந்தன. கமிட்டட் 5.2 பை 10.4.

கம்ப்யூட்டரை இப்போது வடக்குச் சுவரோரம், ஜன்னலிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். மூடியின் உள்பக்கம் ரேம் துடைத்த தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் பழசு, விண்டோஸ் எழுந்து வர இன்னமும் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது. எஸ்எஸ்டி வாங்கத்தான் வேண்டும்.