300 அனுப்பினார்கள், 282 வந்தது

வெளிநாட்டுக் கிளையன்டிடமிருந்து எனக்கு வந்த முதல் பணம் 300 டாலர். ஒரு மென்பொருளின் உதவிக் கையேட்டைத் திருத்திக் கொடுத்ததற்கான கூலி. "அனுப்பிவிட்டோம்" என்று மெயில் வந்த நான்காம் நாள் கணக்கில் வரவு விழுந்தது. உடனே கூகுளில் அன்றைய டாலர் மதிப்பைப் பார்த்து, 300-ஆல் பெருக்கி, வந்த தொகையோடு ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கைக் காணோம்.

வெளிநாட்டுப் பண வரவுக்கு என் வங்கி வாங்கும் கட்டணம் 8 டாலர் அளவுக்கு வரும். அது தெரிந்துதான் கணக்கு எண்ணையே கொடுத்தேன். ஆனால் குறைந்திருந்ததோ 33 டாலருக்கு மேல். கிளைக்குப் போய்க் கேட்டேன்.

கவுன்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வந்ததே 282 டாலர்தான் சார்" என்றார்.

"அவங்க 300 அனுப்பியிருக்காங்களே மேடம்?"

"அப்போ நடுவுல எடுத்திருப்பாங்க."

"நடுவுல யாரு?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் நானும் நகர்ந்துவிட்டேன். அந்த "நடுவுல" யார் என்று தெரிந்துகொள்ள அடுத்த இரண்டு வாரம் பிடித்தது.

நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் என்றால் பணம் போகும் குழாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய, வங்கிகளின் கூட்டுறவு அமைப்பு. அதன் வழியாகப் போவது செய்தி மட்டும்தான்: "இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வை." பணம் தனியாக, வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில் பற்று வரவாக நகர்கிறது. அனுப்புபவரின் வங்கிக்கும் என் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லையென்றால், இரண்டுக்கும் தெரிந்த மூன்றாவது வங்கி ஒன்று வேண்டும். டாலர் என்றால் அது பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெரிய வங்கி. சில சமயம் இரண்டு வங்கிகள்கூட இடையில் வரும். கைமாற்றி விடுபவர் சும்மா மாற்றுவாரா?

இதற்கெல்லாம் எழுத்தில் சாட்சி இருக்கிறது என்பதுதான் எனக்கு உதவிய விஷயம். பணம் வந்து சேர்ந்த வங்கியில் கேட்டால், தங்களுக்கு வந்த அந்தச் செய்தியின் நகலைக் கொடுப்பார்கள். அப்போது அதற்கு எம்டி 103 என்று பெயர். என் வங்கிக் கிளைக்கு ஒரு மெயில் போட்டேன். மறுநாளே ஒரு பக்கப் பிடிஎஃப் வந்தது. முதலில் பார்த்தபோது தலை சுற்றியது. தொகைகளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. 300,00 என்பதை முப்பதாயிரம் என்று படித்து ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன். மெதுவாகப் படித்தால் எல்லாமே இருக்கிறது. 33பி என்ற வரியில் அனுப்பச் சொன்ன தொகை 300. 32ஏ என்ற வரியில் என் வங்கிக்குக் கைமாறிய தொகை 282. 71எஃப் என்ற வரியில் இடையில் பிடித்தது 18. அதற்கு மேலே 71ஏ என்ற வரியில் மூன்றே எழுத்து: எஸ், ஹெச், ஏ.

2025 நவம்பரோடு வங்கிகளுக்கு இடையே இந்தப் பழைய வடிவம் போய் ஐஎஸ்ஓ 20022 என்ற புது வடிவம் வந்துவிட்டது. வரிகளின் பெயர்கள் மாறியிருக்கின்றன, அதில் இருக்கும் விஷயம் அதேதான். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் யூஇடிஆர் என்று 36 எழுத்துகள் கொண்ட ஒரு தடம் காணும் எண்ணும் உண்டு. பணம் வழியில் எங்கேயாவது நின்றுவிட்டால், வங்கியில் "என் பணம் எங்கே" என்று கேட்பதைவிட இந்த எண்ணைக் கொடுத்துக் கேட்பது நல்லது. பதில் சொல்லும் தொனியே மாறும்.

அந்த மூன்று எழுத்துக்கு வருகிறேன். இடையில் ஆகும் கட்டணம் யார் தலையில் விழ வேண்டும் என்று அனுப்புபவர் தேர்ந்தெடுக்கலாம். ஷேர் என்பதன் சுருக்கமான எஸ்ஹெச்ஏ என்றால் அவருடைய வங்கிக் கட்டணம் அவருக்கு, மற்றதெல்லாம் எனக்கு. பிஈஎன் என்றால் முழுக்க என் தலையில். ஓயூஆர் என்றால் முழுக்க அவர் தலையில். ஆங்கிலத்தில் 'எங்களுடைய' என்று பொருள் தரும் அந்தச் சொல்லைத் தமிழில் உச்சரித்தால் 'அவர்' என்று வருகிறது. கட்டணம் கட்டுவது அவர். எனக்கு இதுவரை மறக்கவில்லை.

பெரும்பாலான வங்கிப் படிவங்களில் எஸ்ஹெச்ஏ-தான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். அனுப்புபவருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. என் கிளையன்டுக்கும் தெரியவில்லை. இன்வாய்ஸில் "பரிமாற்றக் கட்டணம்: ஓயூஆர்" என்று ஒரு வரி சேர்த்து, ஏன் என்று இரண்டு வரியில் விளக்கி அனுப்பினேன். மறுப்பே சொல்லாமல் மாற்றினார்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் தள்ளிப்போட்டேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒன்று மட்டும்: என் வங்கி வாங்கும் 8 டாலரை ஓயூஆர் தடுக்கவில்லை. டாலர் பாதையில் எப்போதாவது இடை வங்கி, சொன்னதைப் பொருட்படுத்தாமல் கொஞ்சம் பிடித்துவிடவும் செய்யும்.

அடுத்து வந்த வேறொரு கிளையன்ட் ஓயூஆர் முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, ஒவ்வொரு முறையும் 26 டாலர் போகிறதென்றால் குறைந்த முறை வாங்குவோம் என்று முடிவு செய்தேன். மாதம் 300 வீதம் எட்டு மாதத்தை ஒன்றாக்கினால் 2,400. எட்டு முறை போக வேண்டிய கட்டணம் ஒரு முறை போகும். கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆனால் எட்டாம் மாதம் இன்வாய்ஸ் அனுப்பியதும் அங்கே ஆள் மாறிவிட்டார், பழைய வேலைக்கு ஒப்புதல் யார் கொடுத்தது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். பணம் கைக்கு வர மேலும் ஐந்து மாதம். கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக என் பணத்தை அடுத்தவர் பையில் வைத்திருப்பதை அன்றோடு விட்டேன். இரண்டு மாதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை.

அந்த 2,400 வந்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடை வங்கிக்கு 18, என் வங்கிக்கு 8, ஆக 26 தான் குறைய வேண்டும். மொத்தம் 90 டாலர் குறைந்திருந்தது. மீதி 64 டாலருக்கு எந்தக் கட்டண வரியும் இல்லை, ரசீதும் இல்லை. மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருந்தது.

கூகுளில் தெரியும் விகிதம் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. வங்கி நம்மிடம் டாலரை அந்த விலைக்கு வாங்காது. தனக்கென ஒரு வாங்கும் விலை வைத்திருக்கும். என் வங்கியுடையது நடு விலையைவிட நூற்றுக்கு 2.7 குறைவு. அந்தப் பழைய 300 டாலர் வரவை இப்போது திரும்பக் கணக்குப் போட்டேன்: இடை வங்கி 18, என் வங்கி 8, விகிதத்தில் 7 டாலர் சொச்சம். சின்னத் தொகையில் நிலையான கட்டணம் தின்கிறது, பெரிய தொகையில் விகிதம் தின்கிறது. எதிரி யார் என்பதே தொகையைப் பொறுத்து மாறுகிறது. நான் அதுவரை 18 டாலரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டணமே இல்லை" என்ற விளம்பரங்களை அதற்கப்புறம் நான் படிக்கும் விதமே வேறு. வந்த பணத்தை அனுப்பிய டாலரால் வகுத்து, அதே நேரத்து நடு விகிதத்தோடு ஒப்பிடுவேன். அந்த ஒரு எண் போதும், எந்தப் பெயரில் எடுத்திருந்தாலும் அதில் வந்துவிடும்.

மேலாளரிடம் போய் விகிதத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பெரிய தொகைக்கு, வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவோடு பேசி நல்ல விலை வாங்கித் தர முடியும். எனக்கு 2.7 என்பது 1.9 ஆனது. ஆனால் ஒவ்வொரு முறையும் பணம் மாற்றப்படுவதற்கு முன்னாலேயே மெயில் போட வேண்டும். ஒருமுறை மறந்தேன், பழைய விகிதத்திலேயே மாற்றி வரவு வைத்துவிட்டார்கள். மாற்றியதை மாற்ற முடியாது என்றார்கள்.

கடைசியில் பெரிய வித்தியாசத்தைத் தந்தது வேறு ஒரு வழி. வைஸ், பயோனீர் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் பெயரில் பணம் பெறுவதற்கான கணக்கு விவரங்களைத் தருகின்றன. டாலருக்கு, அமெரிக்க வங்கியை அடையாளம் காட்டும் 9 இலக்க ரவுட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும் கிடைக்கும். யூரோவுக்கு ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண். எல்லா நாட்டவருக்கும் எல்லா நாணயமும் கிடைக்காது, தன் நாட்டுக்கு என்ன உண்டு என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கிளையன்டைப் பொறுத்தவரை அது உள்ளூர்ப் பரிமாற்றம். அமெரிக்கர் அந்நாட்டு வங்கிகளுக்கிடையேயான ஏசிஹெச் வழியாக அனுப்புவார், ஐரோப்பியர் யூரோவுக்கான செபா வழியாக. ஸ்விஃப்ட் பாதையே இல்லை, இடை வங்கியும் இல்லை. அங்கே சேர்ந்த பணத்தை நாமே மாற்றி நம் வங்கிக்கு அனுப்பிக்கொள்ளலாம். மாற்றும் முன்பே கட்டணமும் விகிதமும் திரையில் தெரிந்துவிடும். முன்பு 2,400-க்கு 90 போனது எனக்கு இப்போது 24 அளவில் போகிறது.

சுலபமாக அமையவில்லை. முதலில் பெயர். என் அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து இனிஷியல்தான். இரண்டும் ஒரே ஆள் என்று அந்த இயந்திரத்துக்குப் புரியவைக்க மூன்று முறை ஆவணம் ஏற்றினேன். கடைசியில் வங்கிக் கணக்கில் பெயரையே முழுதாக மாற்றிக்கொண்டேன். இதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் பத்து நாள் மிச்சம். அப்புறம், ஒரு கிளையன்ட் ஏசிஹெச் என்று நினைத்து அதே எண்களுக்கு வயர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்குத் தனித்தனியாகப் போகும் பரிமாற்றம், அனுப்பிவிட்டார். இரண்டும் ஒன்றல்ல, ரவுட்டிங் எண்ணே சில இடங்களில் வேறாக இருக்கும். பணம் திரும்பிப் போய் மறுபடி வந்தது. அதனால் புதுக் கிளையன்ட் என்றால் முதலில் ஒரு சின்னத் தொகை அனுப்பச் சொல்லிவிடுகிறேன். இன்வாய்ஸையும் ஒப்பந்த மெயிலையும் கையோடு வைத்திருப்பது இன்னொரு பழக்கம். எதற்கான பணம் என்று கேட்டு நிறுத்திவைப்பார்கள், அப்போது தேடிக்கொண்டிருந்தால் நாள் ஓடும்.

வேலை வாங்கித் தரும் தளங்கள் தனி ரகம். நான் இருந்த ஒரு தளத்தில் யூரோவில் தரும் கிளையன்ட் கிடைத்தார். தளம் யூரோவை டாலராக்கியது, நூற்றுக்கு 2.5 போனது. டாலரை என் வங்கி உள்ளூர்ப் பணமாக்கியது, 2.7 போனது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை மாற்றி 5-க்கு மேல் காலி. அமைப்புகள் பக்கத்தில் எங்கோ அடியில் "என் கணக்கின் நாணயத்துக்குத் தானாக மாற்று" என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு யூரோவாகவே யூரோ ஐபானுக்கு வாங்கியதும் ஒரு மாற்றம் குறைந்தது. பணத்தை யார் மாற்றுவது என்பதை மட்டும் அடுத்தவரிடம் விடாமல் இருந்தால் பாதிக் காயம் படாது.

விகிதம் ஏறட்டும் என்று காத்திருந்தும் பார்த்தேன். மூன்று வாரம் தினமும் காலையில் எழுந்ததும் டாலர் விலை பார்ப்பது, வேலையில் மனம் ஓடாதது, கடைசியில் இறங்கிய விலைக்கு மாற்றியது. அந்தத் தொழில் எனக்கு வேண்டாம். இப்போது வந்த வாரத்திலேயே மாற்றுகிறேன். சனி, ஞாயிறில் மட்டும் மாற்றுவதில்லை. அன்னியச் செலாவணிச் சந்தை மூடியிருப்பதால் சில நிறுவனங்கள் அந்த இரண்டு நாளும் விலையில் கூடுதலாக ஒரு பங்கு வைத்துக்கொள்கின்றன.

ஓயூஆர் முடியாது என்ற அந்தக் கிளையன்ட் இன்னும் இருக்கிறார். அவர்கள் அலுவலகத்தில் வயரைத் தவிர வேறு வழி கிடையாது, புதுக் கணக்கு விவரம் என்றால் மூன்று பேர் கையெழுத்து. போன மாதம் பேசும்போது, கட்டணத்தை நீங்கள் ஏற்க முடியாவிட்டால் விலையில் 26 டாலர் கூட்டிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு ஒரே நிமிடத்தில் சரி என்றுவிட்டார்.