எல்க் வேட்டைக்குத் தார்ப்பாய்: தைத்தாயிற்று, சொட்டு நிற்கவில்லை

காட்டில் மேலே கட்டி அடியில் படுக்க, ஒன்பதரைக்குப் பத்தடித் தார்ப்பாய் ஒருவழியாகத் தைத்து முடிந்தது. கயிறும் முளையும் சேர்க்காமல் தராசில் 438 கிராம். துணி, நூல், நாடா எல்லாமாக 63 டாலர். ஆனால் தோட்டக் குழாயை இருபது நிமிடம் மேலே பிடித்ததில் நடுத்தையலில் மூன்று இடத்தில் சொட்டுகிறது.

இலக்கு, அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை ரைஃபிளால் வேட்டையாட அக்டோபரில் வரும் முதல் சீசன். ஐந்து நாள், 10,500 அடி உயரம், சாலையிலிருந்து ஆறு மைல். துப்பாக்கி, பூட்ஸ், டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) போக மீதிச் சாமான் எல்லாவற்றுக்கும் 400 டாலர்தான். இந்தத் தொகைக்குள் நடைப்பயணக்காரர்களின் எடைப் பட்டியலை அப்படியே காப்பியடித்தால் முதல் அடி முதுகுப்பையில் விழும். முதுகுச் சட்டகம் இல்லாத 600 கிராம் பை போகும்போது சொகுசு. திரும்பும்போது எலும்பு நீக்கிய எல்க் பின்தொடை ஒன்றே இருபது கிலோ பக்கம் வரும், சாமானோடு முப்பதைத் தாண்டும். அதனால் ராணுவ உபரிக் கடையில் ஆலிஸ் என்ற பழைய அமெரிக்க ராணுவப் பையின் அலுமினியச் சட்டகத்தையே எடுத்தது. அதன் சொந்த இடுப்புப் பட்டை பெயருக்குத்தான் பட்டை. அதைக் கழற்றிவிட்டு, ராணுவத்தில் அதற்குப் பின்னால் வந்த மாலி பையின் தடித்த பட்டையைப் பூட்டினால் சுமை தோளைவிட்டு இடுப்பில் உட்காரும். இந்த ஒரு சாமானில் எடை குறைக்கப் பார்க்க வேண்டாம்.

உருமறைப்பு உடைக்கும் காசைக் கொட்ட வேண்டாம். ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பிங்க்கோ கட்டாயம், தலையிலும் அந்த நிறம் இருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே இலை டிசைன் எதற்கு? எல்க்கின் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது. காட்டிக்கொடுப்பது நம் வாடையும் அசைவும்தான். பழைய துணிக்கடையில் ஆறு டாலர் கம்பளி ஸ்வெட்டர், மேலே ஆரஞ்சு வெஸ்ட், தலைக்கு ஆரஞ்சுத் தொப்பி, தீர்ந்தது.

இப்படி மிச்சம் பிடித்ததில்தான் தையல் வேலை. துணி, இருபுறமும் சிலிக்கான் பூசிய, சதுர யார்டுக்கு 1.1 அவுன்ஸ் பாலியஸ்டர், 58 அங்குல அகலத்தில் 7 யார்டு. பத்தரை அடியாக இரண்டு துண்டு வெட்டி நீளவாக்கில் இணைப்பது. நைலானை ஒதுக்கியது, அது நனைந்தால் தொய்யும் என்பதால். நடு இரவில் எழுந்து கயிறு முறுக்க யாருக்கும் ஆசை வராது.

இந்தத் துணி வழுக்குவதில் விலாங்கு. கீழ்த்துணியை மெஷினின் பல் இழுக்கிறது, மேல்துணியை ஊசிக்கடியில் இருக்கும் ஃபுட் (பாதம்) அழுத்தித் தேய்க்கிறது. ஒரு தையலுக்கு மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் பத்தரை அடி முடியும் இடத்தில் மேல்துணி ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். கடைசி இரண்டடியில் அதை இழுத்துச் சரிக்கட்டினால் அங்கே சுருக்கம் விழுந்து தண்ணீர் தேங்கும். வழி இதுதான்: இரண்டு துண்டிலும் ஓரடிக்கு ஒரு குறி, குறிக்குக் குறி கிளிப். குண்டூசி கூடவே கூடாது, ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. ஃபுட் அழுத்தத்தைத் தளர்த்தி, துணியை முன்னும் பின்னும் விறைப்பாகப் பிடித்து, குறிக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துத் தைக்க வேண்டும். 80 நம்பர் கூர் ஊசி, முழுப் பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். ஜீன்ஸ் காலில் இருக்கும் மடிப்புத் தையல்தான் இதற்கும். மடித்தபின் இரண்டாவது ஓட்டத்தையும் முதல் ஓட்டம் தொடங்கிய முனையிலிருந்தே ஆரம்பிப்பது முக்கியம். எதிர் முனையிலிருந்து வந்தால் மடிப்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

சொட்டுக்கு வருவோம். குற்றம் தையலில் இல்லை, ஊசி ஓட்டைகளை அடைக்கத் தையல்மேல் பூசும் பசையில். முதலில் பூசிய ட்யூபில் பெரிய எழுத்தில் 'சிலிக்கானைஸ்டு', பொடி எழுத்தில் 'அக்ரிலிக் லேடக்ஸ்'. சிலிக்கான் பூச்சின் மேல் சிலிக்கானைத் தவிர எதுவும் ஒட்டாது. காய்ந்த மறுநாளே பால் ஆடை போல உரிந்து வந்தது. தண்ணீரில் கழுவலாம் என்று ட்யூபில் போட்டிருந்தால் அது நமக்கான சரக்கு இல்லை. 100 சதவீத சிலிக்கான், திறந்தால் வினிகர் வாடை அடிக்க வேண்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயிண்ட் கரைப்பான்) ஊற்றி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் கட்டி கரையும்வரை கலக்கினால் நல்லெண்ணெய்ப் பதம் வரும். தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வெளிப்புறத் தையல்மேல் ஸ்பாஞ்ச் பிரஷால் தடவி, உபரியை உடனே துடைத்துவிட வேண்டும். தடிமனாக விட்டால் எடைதான் ஏறும். வேலையை வெளியில் அல்லது கதவு திறந்த கராஜில் வைத்துக்கொள்ளுங்கள், ஆவி தலையைச் சுற்றும்.

இதிலும் கொலராடோவுக்கே உரிய தொல்லை ஒன்று. சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். இங்கே காற்று வறட்டுக் காற்று. 24 மணி நேரம் கழித்தும் பிசுபிசுத்தது. பக்கத்தில் இரண்டு ஈரத்துண்டு தொங்கவிட்டபின் மறுநாள் இறுகியது. பிறகு மேலே டால்கம் பவுடர் தூவினால் மடித்து வைக்கும்போது ஒட்டாது. அப்படியும் சொட்டும் மூன்று இடங்களில் இரண்டு, பழைய லேடக்ஸ் முழுசாகப் போகாத இடங்கள். மூன்றாவது, முகட்டு முனையில் நாடாவை வைத்துச் சதுரமாகப் பெட்டித் தையல் போட்ட இடம். அங்கே ஊசிக் குத்து அதிகம், உள்பக்கமும் ஒரு கை தடவ வேண்டும்.

துணிக்கு டர்ஹாமின் ரிப்ஸ்டாப் பை த ரோல் போன்ற கடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன ஆர்டருக்குத் தபால் செலவுதான் விலையைத் தீர்மானிக்கிறது. பூச்சு இருபுறமும் சிலிக்கானா, ஒரு புறம் பாலியூரித்தேனா என்பதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பாலியூரித்தேன் பக்கத்துக்கு இந்தக் கலவை ஆகாது.

அடுப்பில் மட்டும் சிக்கனம் தோற்றது. பூனை உணவு டப்பாவில் ஓட்டை போட்ட பத்து கிராம் ஸ்பிரிட் அடுப்பு அருமையாக எரிகிறது. ஆனால் தீத்தடை உத்தரவு வந்தால் பெரும்பாலும் அணைக்கும் வால்வு உள்ள அடுப்புக்குத்தான் காட்டில் அனுமதி, அதனால் கேஸ் பர்னர் வாங்கியாக வேண்டும். குளிரில் கேஸ் குப்பியையும் தண்ணீர் ஃபில்டரையும் இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபில்டரின் இழைகள் ஒருமுறை உறைந்தால் பழுது வெளியே தெரியாது.

அடுத்தது இறைச்சிப் பைகள், ஐந்து வேண்டும். தார்ப்பாயில் மிஞ்சிய துணியில் தைக்கலாமே என்று தோன்றும், கூடாது. காற்றுப் போகாத பையில் சூடு அடங்காமல் இறைச்சி புளித்துவிடும். பூச்சில்லாத நைலான் 4 யார்டு ஆர்டர் போட்டாயிற்று. தார்ப்பாய் இன்னும் கொல்லையில்தான் தொங்குகிறது, பக்கவாட்டு நாடா ஆறு பாக்கி.