ஒற்றியூரில் இளவரசனின் தோழர்

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கிக் கோயிலுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வடிவுடையம்மன் சன்னதியில் கூட்டம் நெரிந்தது. அத்தை காலடிப்பேட்டைக்காரர், எந்தப் பக்கம் நின்றால் அம்மன் முகம் நன்றாகத் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. நல்ல தரிசனம்.

ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் கவசம் களைவார்கள், மற்ற நாளெல்லாம் கவச தரிசனம்தான். கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் பின்பக்கம் வந்தால், விமானம் யானை முதுகாக வளைந்து நிற்கிறது. கஜபிருஷ்டம் என்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராஜாதித்தர் நினைவுதான். பராந்தக சோழரின் மூத்த மகன், பட்டத்துக்குரிய இளவரசர். 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், யானை மேல் இருந்தபடியே அம்பு பட்டு இறந்தார். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பெயர் நின்றது. விமானத்தைச் செதுக்கிய தச்சன் அதையா நினைத்திருக்கப் போகிறான்? நானாக முடிச்சுப் போட்டுக்கொள்வதுதான்.

ஆனால் அவருக்கும் இந்தக் கோயிலுக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. அவருடைய தோழர் ஒருவர், கேரளத்துக்காரர், வல்லபன் என்று பெயர். இளவரசரோடு களத்தில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் உடைந்து, கங்கையில் நீராடி, கடைசியில் ஒற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றார். சதுரானன பண்டிதர் என்று இங்கே மடத்துத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு 959-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் போட்டிருக்கும் ஆட்சியாண்டுக் கணக்கு எந்த அரசனுடையது தெரியுமா? அதே கிருஷ்ணனுடையது. ஒற்றியூர் இருக்கும் தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில். நண்பனைக் கொன்ற படையின் அரசன் பெயரைப் போட்டுத்தான் தன் துக்கத்தைக் கல்லில் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தம் நட்சத்திரமான அவிட்டத்தில் சிறப்பு வழிபாடு நடக்கப் பொன் வைத்திருக்கிறார் பண்டிதர். இங்கே இருபத்தேழு நட்சத்திர லிங்கங்கள் உண்டல்லவா, அவிட்டத்தின் முன் அத்தை ஒரு விளக்கு ஏற்றினார்.

“ஏம்பா, அந்தப் புள்ள பொழச்சிருந்தா?”

பிழைத்திருந்தால் பராந்தகருக்குப் பின் அவர்தான் அரசர். தம்பி கண்டராதித்தர் அரியணைத் தொல்லை இல்லாமல் தில்லைக் கூத்தனை இன்னும் நாலு பதிகம் பாடியிருப்பார். இன்னொரு தம்பி அரிஞ்சயரின் வழி ஒரு கிளையாகவே நின்றிருக்கும். அவருடைய பேரன் ஆதித்த கரிகாலரும் வஞ்சகத்தால் கொலையுண்டு இளமையிலேயே போக வேண்டியிருந்திருக்காது. சரி, அப்புறம்? ஆதித்தருடைய தம்பி அருள்மொழி ராஜராஜர் ஆகியிருக்க மாட்டார், தஞ்சைப் பெரிய கோயில் கிடையாது. இதோ தலைக்கு மேல் இருக்கிற விமானமும் கிடையாது. ராஜேந்திரர் காலத்தில், அதே சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்தில் இருந்தவர் சொல்லி, வீரசோழத் தச்சன் கருங்கல்லில் கட்டியது இது.

ராஜ்ஜியக் கணக்கை விடுங்கள். நான் அதிகம் யோசித்தது வேறு. ராஜாதித்தர் படையோடு தங்கியிருந்தது திருநாவலூரில், சுந்தரர் பிறந்த ஊரில். போர் இல்லையென்றால், நம் ஊர்ப் பிள்ளை சங்கிலியாரை மணந்த இடத்தைப் பார்த்து வரலாம் என்று இரண்டு நண்பர்களும் என்றாவது ஒற்றியூருக்குக் கிளம்பியிருக்க மாட்டார்களா? குதிரையை வெளியே கட்டிவிட்டு, பண்டிதர் ஆகாத வல்லபனும் இன்னும் அரசர் ஆகாத ராஜாதித்தரும் மகிழ மரத்தடியில் உட்கார்ந்து சுந்தரரைக் கேலி செய்திருப்பார்கள். இந்த மரத்தடியில்தானே பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் பிரிந்து, கண்ணையும் இழந்தார்!

அத்தையிடம் இதைச் சொன்னேன்.

“சத்தியம் தவறுனவருக்கே சாமி கண்ணைத் திருப்பிக் குடுத்துட்டாரு. கூடச் சாக முடியலன்னு வந்தவரை மட்டும் விட்டுருவாரா? மடத்துக்கே தலைவராக்கிட்டாரு பாரு” என்றார். அப்புறம், பட்டினத்தார் சமாதிக்கு நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று ஆட்டோ பிடிக்கச் சொன்னார்.