டோபிக் தேர்வுக்கு ஆங்கிலம் வழியாகக் கொரியன் படித்தபோது

டோபிக் என்னும் கொரிய மொழித் திறன் தேர்வின் முதல் கட்டத்துக்காக நான் வாங்கிய இலக்கணப் புத்தகம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்குவது. முதல் பாடமே எச்சரிக்கை மாதிரி இருந்தது. கொரியனில் வினை கடைசியில் வரும், பெயருக்குப் பின்னால் ஒட்டு வரும், பழகக் காலம் பிடிக்குமாம். ஆங்கிலக்காரருக்குப் பிடிக்கும்தான். 'ஹக்யோஎ காயோ' என்றால் பள்ளிக்குப் போகிறேன். ஹக்யோ பள்ளி, 'எ' நம்ம 'கு'. இதில் நமக்குப் பழக என்ன இருக்கிறது?

அதனால் ஆங்கில விளக்கத்தைப் படிக்கும் முன்பே, எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சொல்வரிசை மாற்றாமல் தமிழில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும். 'ஒஜெ சான் செக்', நேற்று வாங்கிய புத்தகம். ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் சொல்லி, ஒரு இணைப்புச் சொல் போட்டு, வாங்கிய கதையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இங்கே சான், சானுன், சால் என்றால் வாங்கிய, வாங்குகிற, வாங்கப்போகிற. அவ்வளவுதான். 'மொகொ பொசெயோ' அப்படியே 'சாப்பிட்டுப் பாருங்கள்'. 'பொ' என்பதும் பார்ப்பதுதான். தின்று தீர்த்ததைச் சொல்ல, எறிதல் என்று பொருள்படும் 'பொரிதா'வைத் துணைவினையாகச் சேர்க்கிறார்கள். கொங்குப் பக்கம் 'தின்னுபோட்டான்' என்பார்களே, அதே போடு.

மரியாதைப் பாடத்தைப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஒரு கணக்கு, யாரிடம் பேசுகிறோம் என்பது இன்னொரு கணக்கு. நண்பனிடம் 'ஹல்மொனிகா ஒஷ்யொஸ்ஸொ' என்றால் 'பாட்டி வந்துட்டாங்கடா'. 'ங்க' பாட்டிக்கு, 'டா' நண்பனுக்கு. இதைப் பிடிக்க எனக்கு அந்தப் பக்கங்கள் தேவைப்படவில்லை. போகிறேன், போகிறான், போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறாது என்பது கூடுதல் சலுகை. மரியாதை சேர்க்காத வரை எல்லாருக்கும் ஒரே காயோ.

தமிழ் கைவிட்ட இடங்களும் உண்டு. எழுவாய்க்கு நாம் உருபு போடுவதில்லை. அவர்கள் 'கா'வும் போடுவார்கள், 'னுன்'னும் போடுவார்கள். 'யார் வந்தது?' என்று கேட்டால் 'சிங்குகா வஸ்ஸொயோ', நண்பன் வந்தான். அதே பதிலில் னுன் போட்டால் 'நண்பன் என்னவோ வந்துவிட்டான்' என்று, வேறு யாரோ வராத தொனி ஏறிவிடுகிறது. இதற்கு ஆங்கிலப் புத்தகம் தரும் விளக்கம் எனக்குக் கடைசிவரை உதவவில்லை. கேள்வியையும் பதிலையும் சேர்த்து மனப்பாடம் செய்ததுதான் உதவியது. எண்களும் அப்படித்தான், இரண்டு வரிசை உண்டு. மூன்றரை மணி 'சே ஷி சாம்ஷிப் புன்': மணிக்குக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வழி எண். ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டுத்தான் காது பழகியது.

தேர்வில் கேட்டல் 30 கேள்வி, வாசிப்பு 40 கேள்வி. இந்தக் கட்டத்தின் இரண்டு நிலைகளில் மேலான இரண்டாம் நிலைக்கு 200க்கு 140 வேண்டும். வாசிப்பின் தயவில் தாண்டிவிட்டேன். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதால் கா, னுன் குழப்பம் மதிப்பெண்ணை அதிகம் தின்னவில்லை. அடுத்த கட்டத் தேர்வில் 54ஆம் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துகளில் கட்டுரை எழுத வேண்டும். அங்கே நான்கு விடை கொடுத்து உதவ மாட்டார்கள். இப்போது அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.