மைனரின் கூட்டுக்குள் மஸ்டா

ஒரு பழைய காரின் கூட்டை வேறொரு காரின் எஞ்சின், கியர்பொக்ஸ், டிபரன்சியல் (எஞ்சினின் விசையைப் பின்சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆகியவற்றோடு பொருத்துகிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலானோர் எஞ்சின் உள்ளே இறங்குமா என்றுதான் விசாரிக்கிறார்கள். இலண்டனில் ஒரு மொறிஸ் மைனரை, மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் உறுப்புகளைக் கொண்டு கட்டி முடித்தவன் என்ற முறையில், எஞ்சினை இறக்குவது இந்த வேலையிலேயே மிக இலகுவான பகுதி என்பேன். இரண்டு கார்களில் எதன் எலும்பு நிலைக்கப் போகிறது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். வெட்டும் இடம், ரயரின் அகலம், பதிவு இலக்கம் எல்லாமே அந்தத் தீர்மானத்தின் பின்னால் வருகின்றன.

மைனரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊர்ப்பாசம்தான் காரணம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கார் கல்யாண ஊர்வலமும் ஆசுபத்திரி அவசரமுமாக இருந்தது. பெற்றோல் வராத யுத்த காலத்தில், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்துப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியதைக் கண்டவர்கள் நாங்கள். ஆனால் இங்கிலாந்தின் நெடுஞ்சாலையில் 48 குதிரை வலுவுள்ள 1098 சிசி எஞ்சினும், நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்கும், தேய்ந்தால் முன் சில்லையே கழற்றிவிடக்கூடிய, டிரனியன் எனப்படும் சஸ்பென்ஷன் மூட்டும் எனக்குத் துணிவைத் தரவில்லை.

மஸ்டாவுக்குக் காரணம் துரு. எம்எக்ஸ்-5 இன் முதல் தலைமுறைக் கார்கள், கதவுக்குக் கீழே ஓடும், 'சில்' எனப்படும் தகட்டுப் பகுதி பின்சில்லுக்கு முன்னால் உக்கிப்போய், வருடாந்த எம்ஓடி சோதனையில் தோற்று, இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே மலிவாக விற்பனைக்கு வருகின்றன. 1.6 லீற்றர் எஞ்சின் ஏறக்குறைய 115 குதிரை வலு தருகிறது. பின்சில்லு ஓட்டம், நான்கு டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் போல்ட்டில் பொருத்தும் தனித்தனித் துணைச் சட்டகத்தில் (சப்ஃப்ரேம்) இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் என்று மைனருக்கு வேண்டியவை எல்லாம் ஒரே காரில் கிடைத்துவிடுகின்றன.

அளவு நாடாவை எடுத்தபோதுதான் வேலையின் உண்மையான உருவம் தெரிந்தது. மைனரின் வீல்பேஸ், அதாவது முன், பின் சில்லுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம், 2184 மில்லிமீற்றர், மஸ்டாவினுடையது 2265. இந்த 81 மில்லிமீற்றரை எங்காவது தொலைத்தாக வேண்டும். அகலத்தில் சிக்கல் இன்னும் பெரிது: மஸ்டாவின் இரு முன்சில்லுகளின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 1410 மில்லிமீற்றர் இருக்கிறது, 185 ரயரைச் சேர்த்தால் 1595 ஆகிறது, மைனரின் மொத்த அகலமோ 1549 தான். நல்லவேளையாக மைனரின் நான்கு மட்காட்களும் போல்ட்டில் கழன்று வருபவை. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் பிளந்து, நடுவே ஒரு தகட்டுப் பட்டியை வைத்து ஒட்டி அகலப்படுத்தினோம். இதைப் பழைய காருக்குச் செய்த துரோகம் என்று சொன்ன நண்பரிடம், இந்தக் கார் பிறக்கும்போதே வெட்டி அகலப்படுத்தப்பட்டது என்று சொன்னேன். வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், முன்மாதிரி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அதன் அடையாளம். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களை நடுவில் அறுத்து இடைவெளியைத் தகட்டால் மூடித்தான் 1948 இல் முதல் கார்களை விற்றார்கள்.

இரண்டு கார்களுக்குமே தனிச் சட்டகம் கிடையாது. கூடுதான் பாரம் தாங்குகிறது. ஆகவே மைனரின் தரையை வெட்டுவதற்கு முன், கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை ஒட்டி இறுக்கினோம். பிறகு மஸ்டாவின் சப்ஃப்ரேம் போல்ட்டுகள் வரும் இடங்களைக் கணக்கிட்டு, சதுரக் குழாயில் ஒரு சட்டகம் செய்து, அதைப் புதிய தரையோடும் சில்களோடும் சேர்த்து ஒட்டினோம். ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் கதவைச் சாத்தி, விளிம்பு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகியது. கதவு தூணில் உரசத் தொடங்கினால் கூடு தொய்கிறது என்று பொருள். ஒட்டை அறுத்துவிட்டு மீண்டும் நிமிர்த்த வேண்டும்.

மஸ்டாவில் கியர்பொக்ஸையும் டிபரன்சியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் விறைப்பாக இணைக்கிறது. டிபரன்சியல் மூக்கு மேலெழும்பாமல் பிடித்து வைப்பதும் அதுதான். வீல்பேஸ் குறைவதால் இந்தச் சட்டத்தையும் சுருக்க வேண்டும், ஆனால் சுமை தாங்கும் அலுமினியத்தை வெட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைக் கைவிட்டு, கியர்பொக்ஸின் கீழே ஒரு குறுக்குத் தாங்கியும், டிபரன்சியல் மூக்குக்கு ரப்பர் புஷ் வைத்த தனித் தாங்கியும் செய்தோம். கியர்பொக்ஸிலிருந்து டிபரன்சியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுருக்கிச் சமநிலைப்படுத்தும் வேலையை அதற்கென்றே உள்ள பட்டறையிடம் கொடுத்தோம். எஞ்சினைப் பொறுத்தவரை இடைஞ்சல் தந்தது ஒன்றே ஒன்றுதான்: சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் துருத்தி நிற்கும் கேம் கோண உணரி, மைனரின் எஞ்சின் தடுப்புச் சுவரில் போய் இடித்தது. அந்த இடத்தில் சுவரை உள்நோக்கிக் குழித்துத் தகடு வைக்க வேண்டியிருந்தது.

சட்டப்படி இது என்ன கார் என்ற கேள்விக்கு, அப்போது வாகனப் பதிவு நிறுவனமான டிவிஎல்ஏ புள்ளிக் கணக்கில் பதில் சொன்னது. பழைய இலக்கம் நீடிக்க எட்டுப் புள்ளிகள் வேண்டும். அவற்றில் ஐந்து, மாற்றம் செய்யாத மூலக் கூட்டுக்கே உரியவை. கூட்டை வெட்டிய கணத்தில் அந்த ஐந்தும் போய்விடும். எனவே மூல அடையாளம் இழந்த வாகனங்களுக்குக் கொடுக்கும், கியூ எழுத்தில் தொடங்கும் இலக்கமும், ஐவிஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனையும் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்திருந்தேன். 2025 ஆகஸ்டில் இந்த விதிகள் மாறியிருப்பதால், இனித் தொடங்குபவர்கள் தகட்டில் கை வைக்குமுன் புதிய அறிவுறுத்தலை வாசிக்க வேண்டும்.

ஐவிஏ பரிசோதகர் எஞ்சினை விட விளிம்புகளையே அதிகம் பார்த்தார். 100 மில்லிமீற்றர் உருண்டை தொடக்கூடிய வெளி விளிம்பு எதுவும் 2.5 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆரையில் இருக்கக்கூடாது. 1950களின் அலங்காரம் முழுவதும் கூர்மைதான். பொனற் சின்னத்தைக் கழற்றினேன், பம்பர் முனைகளுக்கு ரப்பர் விளிம்பு கட்டினேன். மோதலில் மடங்கும் மஸ்டாவின் ஸ்டியரிங் தண்டையே வைத்துக்கொண்டதால் அந்தப் பகுதி சிரமமின்றிக் கடந்தது. வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாகவே நேராகத் திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்த்தார். முன்பக்கம் பாரம் குறைந்த கார்கள் தடுமாறும் இடம் இது என்பதால் காஸ்டர் கோணத்தை (முன்சில்லின் திருப்பு அச்சு பின்நோக்கிச் சாயும் அளவு) முன்கூட்டியே கூட்டி வைத்திருந்தேன். சைலன்சரின் ஒலி 99 டெசிபலுக்குள் நின்றது.

கார் இப்போது நிமிர்ந்து நின்று பிரேக் பிடிக்கிறது. ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் காத்திருப்பதில்லை. பழைய இலக்கத்தோடு போனவை வரிவிலக்கும் இலண்டன் மாசு வலயத்தின் கட்டணவிலக்கும். நாற்பது வயது கடந்து வரலாற்று வாகனமாகப் பதிவான மைனர், மூல எஞ்சினின் புகையோடு அந்த வலயத்துக்குள் மாசுக் கட்டணமின்றி ஓடலாம். அதைவிடச் சுத்தமாக எரிக்கும் எஞ்சினைக் கொண்ட என் கார், யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்டாததால், நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அந்த வலயம் இலண்டன் முழுவதையும் உள்ளடக்குவதால், வாசலில் இருந்து காரை எடுத்தாலே கட்டணம்தான். அதனால் கென்ட் பக்கம் நீண்ட பயணம் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறேன். கடைக்குப் போவதற்கு பஸ் இருக்கிறது.