பேக் நிற்க ஆள் வேணும்

குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம் ஃபுட்பால் ஆடும் பையன்கள் எல்லாருக்கும் கோல் அடிக்கிற ஃபார்வேர்டுதான் ஆடணும். "லே மக்கா, நீ பேக் நில்லு", அதாவது பின்னால் நின்று தடு என்றால் முகம் சுண்டிவிடும். இத்தாலிக்காரர் பாவ்லோ மால்தீனி, பேக் நின்றே பேர் வாங்கியவர்; அவர் ஆட்டத்தைக் கொஞ்சம் பாருங்கடே!

1985 ஜனவரியில், 16 வயதில் ஏசி மிலான் கிளப்புக்கு இறங்கியவர். 2009 வரை வேறு கிளப் சட்டையே போடவில்லை. ஐந்து ஐரோப்பியக் கோப்பை (இப்போது சாம்பியன்ஸ் லீக் என்கிறார்களே, அதுதான்) ஜெயித்தவர். அப்பா சேசரேயும் 1963-இல் அதே கிளப் கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கியவர்தான். வலதுகாலர், ஆனால் பெரும்பாலும் ஆடியது இடது பேக். சறுக்கி விழுந்து காலோடு பந்தைப் பறிப்பதெல்லாம் ரொம்பக் குறைவு. எதிராளியின் தோளுக்கு ஒட்டி நிற்பார், பாஸ் கிளம்பும்போதே ஓரடி முன்னால் போய்விடுவார், அவ்வளவுதான்.

அப்புறம், கோல் ஆசை உள்ளவர்களுக்கு: 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் முதல் நிமிடத்திலேயே அடித்தார். 3-0 என்று இருந்த ஆட்டத்தை மிலான் லிவர்பூலிடம் கோட்டை விட்டது வேறு கதை.